ஒரு வெள்ளி நாணயத்தளவு பிடோக்

பிடோக் போன்ற வீவக பேட்டைகளில் சாப்பாட்டு மேசை சாப்பிடுவதற்கு மட்டும் பயன்படுவதில்லை. பிள்ளைகளின் வீட்டுப்பாடம், கீரை ஆய்வது, மாதக் கட்டணங்களின் கணக்கு எல்லாம் அங்கேதான் நடக்கும். சில வீடுகளில் எல்லாரும் படுத்த பிறகு, அதே மேசையில் பழைய நாளிதழை விரித்து, கட்டைவிரல் உயரம்கூட இல்லாத வீரர்களுக்குச் சட்டை, தோல், கண் என்று வண்ணம் தீட்டும் வேலையும் நடக்கிறது.

'மினியேச்சர்' எனப்படும் இந்தச் சிற்றுருவங்கள் மேசை விளையாட்டுகளின் காய்கள். சதுரங்கத்தில் யானையும் குதிரையும் நகர்வதைப் போல இவையும் நகரும். ஆனால் பலவகை ஆட்டங்களில் கட்டங்கள் கிடையாது. அளவுநாடாவால் தூரத்தை அளந்து நகர்த்த வேண்டும். பகடை உருட்டித் தாக்க வேண்டும். குன்றும் சுவரும் மரமும் மேசைமீதே நிற்கும். காய்கள் பெரும்பாலும் சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வருகின்றன. அவற்றை வெட்டி ஒட்டி வண்ணம் தீட்டுவது வாங்கியவரின் பொறுப்பு.

எப்படித் தீட்டுவது என்று சொல்லித்தரும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்குள்ள காற்று வறண்டது. அங்கே தீட்டப்படும் முகம் வெளிறியது. பொம்மையின் காலடியில் இருப்பது பனி, பைன் காடு, இல்லாவிட்டால் இடிந்த தேவாலயம். பிடோக்கில் உட்கார்ந்து அதை அப்படியே பின்பற்றுபவருக்கு முதலில் கெடுவது பூச்சு, அடுத்து முகம். மூன்றாவதாக நிலம். அது கெடாது, வேறு யாருடையதாகவோ இருந்துவிடும், அவ்வளவுதான்.

காய் எங்கிருந்து வந்தது

போரை மேசைமீது ஆடிப்பார்க்கும் பழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய ராணுவம் அதிகாரிகளின் பயிற்சிக்காக வளர்த்தது. அறிவியல் புனைகதைகளால் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ் 1913ல் ஈயப் பொம்மைகளைக் கொண்டு ஆடும் விதிகளை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1974ல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது. 1975ல் லண்டனில் தொடங்கிய 'கேம்ஸ் வொர்க்‌ஷாப்' நிறுவனம் 1983ல் 'வார்ஹாமர்' ஆட்டத்தையும் 1987ல் அதன் விண்வெளிப் பதிப்பையும் வெளியிட்டது. இன்று உலகெங்கும் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பெட்டிகளில் பெரும்பகுதி இந்தப் பரம்பரையில் வந்தவை.

இவற்றுள் பலவற்றின் அளவு '28 மில்லிமீட்டர்' என்று குறிப்பிடப்படும். காலடியிலிருந்து கண் வரை, ஏறத்தாழ அவ்வளவு உயரம். இதை உண்மை மனிதரோடு ஒப்பிட்டால் 56ல் ஒரு பங்கு என்று கொள்ளலாம். இந்த 56 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. காட்சி அமைக்கும்போது எல்லாக் கணக்குக்கும் அதுதான் வாய்ப்பாடு.

காய் நிற்கும் வட்டத் தட்டு பீடம். 25 மில்லிமீட்டர் பீடம் நம் ஒரு வெள்ளி நாணயத்தின் அளவு. 32, 40 மில்லிமீட்டர் பீடங்களும் பரவலாக உண்டு.

முதல் மாலை

பொம்மைத் துண்டுகளைச் சட்டத்திலிருந்து பிடுங்கக் கூடாது. சிறு வெட்டுக்குறட்டால் சற்றுத் தள்ளி வெட்டி, மீதத்தைக் கத்தியால் சீவ வேண்டும். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் முடிபோல ஒரு மெல்லிய கோடு ஓடும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். சோம்பலில் இதை விட்டுவிட்டால், வண்ணம் ஏறிய பிறகு அந்தக் கோடு மூக்கின் குறுக்கே தழும்பைப் போலத் தெரியும்.

பிளாஸ்டிக் பொம்மைக்குரிய பசை பிளாஸ்டிக்கையே சற்று உருக்கி இணைப்பது. உலோகத்துக்கும் ரெசினுக்கும் அது பிடிக்காது. சூப்பர் குளூதான் சரி. வீட்டிலேயே முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்து ரெசினில் பொம்மை அச்சிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முழுதும் இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தும். கையுறை, திறந்த சன்னல் இரண்டும் கட்டாயம். கழுவிய திரவத்தைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. குழந்தைகள் உறங்கும் அறையில் அந்த இயந்திரத்துக்கு இடமே இல்லை.

மழையில்லாத பிற்பகல்

வண்ணம் பிளாஸ்டிக்கில் பிடித்து நிற்க முதலில் 'பிரைமர்' என்னும் அடிப்பூச்சு வேண்டும். பெரும்பாலோர் அதைத் தெளிப்பானில் அடிப்பார்கள். சிங்கப்பூரில் அதிகப் பொம்மைகள் பாழாவது இந்தக் கட்டத்தில்தான்.

காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது தெளிப்பு பொம்மையில் வழவழப்பாகப் படிவதில்லை. வெண்மையாகப் பூத்துப்போகும், அல்லது மணல் தூவியதுபோலச் சொரசொரக்கும். நாள்கணக்கில் ஒட்டிய முகத்தின் நுணுக்கம் ஐந்தே விநாடியில் மறைந்துவிடும். பிறகு ஊறவைத்துச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

சிங்கப்பூரின் ஈரப்பதத்துக்கு ஒரு நாளுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் உண்டு. விடியலுக்கு முன் அது 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். மழை பெய்யாத நாளில் நடுப்பிற்பகலில் 60 விழுக்காடு வரை இறங்கும். வேலை முடிந்து வந்து இரவில் அடிப்பதோ, அதிகாலைக் குளிர்ச்சியில் அடிப்பதோ தவறான நேரம். மழையில்லாத சனி, ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு, மூன்று மணி பொருத்தமானது. தெளிப்புக் குப்பியை நன்றாகக் குலுக்கிவிட்டு, ஒரு சாண் தூரத்திலிருந்து சிறு சிறு வீச்சுகளாக அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் வழிந்துவிடும்.

எங்கே அடிப்பது என்பது அடுத்த கேள்வி. வீவக புளோக்கின் பொது நடைபாதையில் அடித்தால் வாடை அண்டை வீட்டுக்குள் போகும்; துகள் அவர்கள் காயப்போட்ட துணியில் உட்காரும். அந்தக் குப்பி எளிதில் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அடுப்பங்கரையிலும் ஆகாது. பூசை விளக்கு எரியும் அறையிலும் ஆகாது. அடுக்குமாடி வீட்டில் வாழ்பவருக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. தூரிகையால் பூசும் பிரைமரை ஒரு குப்பி வாங்கி, மெல்லியதாக இரண்டு முறை பூசிவிடலாம். நேரம் கூடுதலாகும். ஆனால் வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம், அண்டை வீட்டாரின் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

பால் பதம்

அக்ரிலிக் வண்ணத்தைக் குப்பியிலிருந்து எடுத்து அப்படியே பூசுவது புதியவர்களின் வழக்கமான பிழை. சொட்டுத் தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒருமுறை தடித்துப் பூசுவதைவிட இருமுறை மெலிதாகப் பூசினால் சட்டை மடிப்பு, பொத்தான் எல்லாம் மூடிப்போகாமல் நிற்கும்.

கலவைத் தட்டு கடையில் வாங்க வேண்டியதில்லை. சாப்பாடு கட்டிவந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் சமையலறைத் தாளை நனைத்து விரித்து, அதன்மேல் அடுமனைத் தாளைப் போட்டால் ஈரத்தட்டு தயார். மின்விசிறியின் கீழும் குளிர்சாதன அறையிலும் வண்ணம் விரைவாகக் காய்ந்துவிடுவதை இது தடுக்கும். ஆனால் நம் ஊர் வெக்கையில் மூடி வைத்த ஈரத்தட்டில் சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நாறும். தண்ணீரையும் தாளையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

முதலில் ஒவ்வொரு பகுதிக்கும் அடிப்படை நிறம். அது காய்ந்தபின், நீர்த்த கருமையான சாயத்தைத் தடவினால் அது மடிப்புகளிலும் பள்ளங்களிலும் தேங்கி நிழலாகிவிடும். பிறகு சற்று வெளிறிய நிறத்தைத் தூரிகையில் எடுத்து, தாளில் துடைத்து ஏறத்தாழ உலரவைத்து, மேடுகளில் மட்டும் உரச வேண்டும். நிழல் ஒன்று, மேடு ஒன்று. இந்த இரண்டு மட்டுமே தெரிந்தவரின் படைகூட மேசையில் பார்க்க நன்றாக இருக்கும். தூரிகையின் முனையைக் கூராக்க நாக்கில் வைத்து உறிஞ்சுவது பலருக்கு வந்துவிடும் கெட்ட பழக்கம். சில நிறமிகள் உடலுக்கு ஆகாதவை. உள்ளங்கையில் உருட்டினாலே முனை கூராகிவிடும்.

'சதை நிறம்' யாருடையது

அமெரிக்காவின் 'கிரயோலா' நிறுவனம் வெளிர் இளஞ்சிவப்புக் கிரேயானுக்குச் 'சதை' என்று வைத்திருந்த பெயரை 1962ல் 'பீச்' என்று மாற்றியது. சதை என்றால் ஒரே நிறம் இல்லை என்பதை ஒரு கிரேயான் நிறுவனம் ஒப்புக்கொண்ட ஆண்டு அது. பொம்மை வண்ணங்களில் அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. தோலுக்கு என்று விற்கப்படும் குப்பிகளில் வெளிறிய வகைகளே எளிதாகக் கிடைக்கின்றன. பெட்டியின் அட்டைப்படமும் பெரும்பாலும் அதையே காட்டும். அதைப் பார்த்துத் தீட்டும் தமிழ்ப் பிள்ளையின் படையில் தன்னைப் போன்ற ஒரு முகம்கூட இல்லாமல் போவது அப்படித்தான்.

வரலாற்று ஆட்டங்களில் இது ரசனை சார்ந்த விஷயமாக மட்டும் இருப்பதில்லை. 1943ல் சிங்கப்பூரில் உருவான ஜான்சி ராணிப் படையில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தனர். மலாயாவையும் சிங்கப்பூரையும் காத்து நின்ற பிரிட்டிஷ் தரப்புப் படையிலும் இந்திய வீரர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தனர். இவர்களைக் காக்கிச் சீருடையில் தீட்ட உட்காருபவர் பீச் நிறக் குப்பியைத் திறந்தால், அந்தப் படத்தில் இருப்பது வேறு யாரோ.

கருமையான தோலைத் தீட்டுவது கடினம் என்று ஒரு பேச்சு உண்டு. கடினம் இல்லை, முறை வேறு. வெளிறிய தோலில் கருமையைச் சேர்த்து நிழல் வரைவார்கள். மாநிறத்திலும் கருமையிலும் வேலை பெரும்பாலும் மேடுகளில் நடக்கிறது. அடர்ந்த பழுப்பில் துளி சிவப்பு கலந்து அடிப்படை நிறம் பூச வேண்டும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அடர்நீலமோ ஊதாவோ துளி சேர்த்தால் தோலில் உயிர் இருக்கும். மேட்டுக்குக் காவி மஞ்சள், செம்மஞ்சள் சேர்த்து, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, விரல் முட்டி ஆகிய இடங்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும். இங்கே வெள்ளையைக் கலப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வெள்ளை விழுந்த கருந்தோல் சாம்பல் பூசியதுபோல் வறண்டுவிடும். தந்த நிறம் சரியாக இருக்கும், அதுவும் கடைசிப் புள்ளிக்கு மட்டும்.

கருந்தோலில் ஒளியின் பளபளப்பு எடுப்பாகத் தெரியும். வெயிலில் நிற்பவரின் நெற்றியைக் கவனித்தால் புரியும். அதனால் கடைசிப் புள்ளி சிறியதாகவும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். உள்ளங்கை சற்று வெளிறியது. உதட்டில் ஊதாச் சாயல் ஓடும். இவற்றுக்கு மாதிரி தேடி எங்கும் போக வேண்டாம். தன் கையை விளக்கின்கீழ் நீட்டிப் பார்த்தால் போதும். ஒரே குடும்பத்தில் நான்கு பேர் நான்கு நிறமாக இருப்பதைப்போலப் பத்து வீரர்களுக்கும் சற்றுச் சற்று மாற்றித் தீட்டினால்தான் படை இயல்பாக இருக்கும்.

காலடி நிலம்

வண்ணம் தீட்டி முடித்ததும் பொம்மையைக் கறுப்புத் தட்டில் அப்படியே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது பாதி வேலை. அவன் எங்கே நிற்கிறான் என்பதைச் சொல்வது பீடம்தான். நவராத்திரியில் கொலு வைத்து, கீழ்ப்படிக்கு முன்னால் மணலைக் கொட்டிப் பூங்கா அமைத்த வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கேழ்வரகையும் கடுகையும் தூவி முளைக்கவைத்த பசும்புல், கண்ணாடித் துண்டில் குளம், அட்டையில் கோயில் கோபுரம் என்று அங்கே நடப்பதும் இதுவே. கொலுவில் நிலம் கைகளை விரிக்கும் அளவு, இங்கே நாணயத்தளவு.

பீடத்துக்குப் பிடோக்கையே எடுத்துக்கொண்டால் என்ன? ஆள் அரவமில்லாத விண்வெளிக் கோளைக் கற்பனை செய்பவர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். ஆனால் பிடோக்கின் நிலத்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1966ல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புக்காகப் பிடோக், சிக்லாப் பகுதிகளின் குன்றுகள் வெட்டப்பட்டன. அந்த மண் வார்ப்பட்டைகளில் ஏறிக் கடற்கரைக்குப் போனது. குன்றுகள் தரைமட்டமான இடத்தில் புதுநகரம் எழுந்தது. கடல் இருந்த இடத்தில் பூங்காவும் விரைவுச்சாலையும் வந்தன. 1986ல் நிறைவடைந்த பிடோக் நீர்த்தேக்கம் முன்பு மணல் தோண்டிய குழி. இன்று பிடோக்கில் நடப்பவரின் காலடியில் இருப்பதே மனிதர் இடம் மாற்றிவைத்த காட்சி அமைப்புதான்.

வெட்டப்பட்ட அந்தக் குன்றிலிருந்து தொடங்கலாம். சிங்கப்பூரின் கிழக்கில் நிலத்தடியில் இருப்பது மணலும் களிமண்ணும் சரளையும் கலந்த பழைய வண்டல். வெளியில் தெரியும் இடத்தில் அது செம்மஞ்சளும் பழுப்புமாக, இடையிடையே வெளிறிய சாம்பல் திட்டுகளோடு இருக்கும். தக்கையால் செய்த குவளைத்தட்டு ஒன்றைக் கையால் பிய்க்க வேண்டும். கத்தியால் வெட்டினால் விளிம்பு நேராகிவிடும். பிய்த்தால்தான் வெட்டுண்ட மண்ணின் சாயல் வரும். இரண்டு அடுக்காகச் சூப்பர் குளூவில் ஒட்டி, இடுக்குகளை நிரப்ப ஒரு குழம்பு செய்துகொள்ளலாம். வெள்ளைப் பசை இரண்டு பங்கு, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் மெல்லிய மணல் இரண்டு பங்கு, கோலப்பொடி ஒரு பங்கு, பழுப்பு வண்ணம் சில சொட்டு. கோலப்பொடி கல்மாவாக இருக்க வேண்டும். அரிசி மாவு எறும்புக்குப் புண்ணியம், பொம்மைக்கு அல்ல.

நிறத்துக்கு லிட்டில் இந்தியாவின் பூசைப்பொருள் கடைகளில் கோலத்துக்காக விற்கப்படும் காவிப்பொடி போதும். மார்கழிக் கோலத்தைச் சுற்றி இழுக்கும் அந்தச் செங்காவி இரும்பு ஆக்சைடு. பொம்மைக் கடையில் 'துருப் பொடி', 'செம்மண் பொடி' என்று சிறு குப்பிகளில் விலை கூடுதலாக விற்கப்படுவதிலும் பெரும்பாலும் அதே பொருள்தான். குழம்பு ஒரு நாள் முழுதும் காய்ந்ததும் அடர்பழுப்பு பூசி, அதன்மேல் செம்மஞ்சளை உலர்தூரிகையில் உரசி, காவிப்பொடியைப் பள்ளங்களில் தூவி, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டு சொட்டாக விட்டுப் பிடிக்கச் செய்யலாம். சாம்பல் திட்டுகளை மறக்கக் கூடாது. அவை இல்லாவிட்டால் அது பிடோக் மண் அல்ல, ஏதோ ஒரு செவ்வாய்க் கோள்.

வெட்டிப்போட்ட நிலத்தில் முதலில் முளைப்பது லாலாங் புல். தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு அதன் வெட்டும் விளிம்பு நினைவிருக்கும். தேங்காய் நாரை அல்லது பழைய வண்ணத்தூரிகையின் மயிரை ஒரு கற்றையாகப் பிடித்து, அடியைப் பசையில் தோய்த்துக் காயவைத்து வெட்டினால் புல் தயார். ஒரு மீட்டர் உயரப் புல்லை 56ஆல் வகுத்தால் 18 மில்லிமீட்டர். அடியில் பச்சை, நுனியில் வைக்கோல் நிறம்.

தரையில் சருகு வேண்டுமானால் மேலைநாட்டுக் காணொளிகள் பிர்ச் மர விதையைச் சொல்லும். அது இங்கே இல்லை. தேநீர் வடிகட்டிய தூளும், கையால் நொறுக்கிய காய்ந்த வெந்தயக்கீரையும் அந்த வேலையைச் செய்யும். இரண்டையும் முற்றிலும் உலர்த்த வேண்டும். அரைகுறை ஈரத்தோடு ஒட்டினால் இரண்டு வாரத்தில் வெள்ளைப் பூஞ்சை படரும். ஒட்டியபின் நீர்த்த பசையால் மூடிவிட வேண்டும். பூங்காக்களிலிருந்து மண்ணோ செடியோ எடுப்பதற்கு இங்கே கட்டுப்பாடு உண்டு. எடுக்கத் தேவையும் இல்லை.

போர்க்காட்சியே வேண்டும் என்பவர்களுக்குப் பிடோக் படகுத்துறை இருக்கிறது. தூண்டில் போடுபவர்களுக்கும் மிதிவண்டியோட்டிகளுக்கும் பழக்கமான அந்தத் துறை, 1966ல் வணிகர் ஒருவரால் வியட்னாம் போரின் பழுதான போர் வாகனங்களைப் பழைய இரும்பாக இறக்குவதற்குக் கட்டப்பட்டது. கற்பனைப் போருக்கு இதைவிட உண்மையான பின்னணி எங்கே கிடைக்கும்?

துறையின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். 56ஆல் வகுத்தாலும் நாலரை மீட்டர் வரும்; வரவேற்பறை தாங்காது. ஒரு துண்டு போதும். அட்டையில் சாம்பல் வண்ணமும் கல்மாவும் கலந்து பூசினால் சிமெண்டுத் தரை. பெட்டியில் மிஞ்சிய பிளாஸ்டிக் துண்டுகள், தீர்ந்துபோன பேனாவின் சுருள்கம்பி, குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய தகடு ஆகியவற்றைக் குவித்தால் பழைய இரும்பு. டின் விளிம்பு கையைக் கிழிக்கும். சிறுவர்களுக்குப் பெரியவர் வெட்டிக் கொடுக்க வேண்டும். பஞ்சுத் துண்டில் அடர்பழுப்பைத் தொட்டு ஒற்றி, மேலே காவிப்பொடி தேய்த்தால் துரு. காயத்துக்குக் கட்டும் வலைத்துணியைத் தேநீரில் ஊறவைத்தால் மீன்வலை.

நீர் காட்டுவது எல்லாவற்றிலும் பொறுமை கேட்கும் வேலை. நீர்த்தேக்கக் கரையாக இருந்தால், முதலில் அடித்தளத்தில் நடுவே கரும்பச்சை, கரையோரம் மணல்பழுப்பு என்று ஆழத்தை வண்ணத்தில் வரைந்துவிட வேண்டும். அதன்மேல் பளபளப்பான வார்னிஷை மெல்லிய படலமாக ஊற்றி, காய்ந்ததும் அடுத்தது, பிறகு அடுத்தது. அவசரப்பட்டுத் தடித்து ஊற்றினால் உள்ளே குமிழி மாட்டிக்கொள்ளும், மேலே தோல் கட்டும், அடியில் பலநாள் காயாது. ஈரமான மாதங்களில் இன்னும் மோசம்.

மேசைக்குப் பெரிய காட்சி செய்ய விரும்புவோருக்கும் அதே 56தான். இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் உயரக் கதவு 37.5 மில்லிமீட்டர் ஆகும். 15 மீட்டர் தென்னை 27 சென்டிமீட்டர். புளோக்கின் கீழுள்ள வெற்றுத்தளம் ஆட்டத்துக்கு அருமையான களம். நிற்கும் தூண்களுக்குப் பின்னால் வீரர்கள் மறையலாம், நான்கு பக்கமும் வழி இருக்கும், கூரையைத் தூக்கி எடுத்துவிடலாம். பிடோக்கில் மாலைநேரத்தில் பெரியவர்கள் சுற்றி உட்காரும் சதுரங்க மேசையை மட்டும் தபால்தலை அளவில் செய்து ஒரு மூலையில் வைத்தாலே பார்ப்பவர் இடத்தைக் கண்டுகொள்வார்.

ஒரு படையில் முப்பது வீரர்கள் என்றால் முப்பது பீடமும் ஒரே மண்ணாக இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அடுத்த பெட்டி வாங்கும்போது முந்தைய கலவை மறந்துபோயிருக்கும். எத்தனை பங்கு மணல், எந்தப் பழுப்பு, எத்தனை சொட்டு என்று சமையல் குறிப்பைப் போல எழுதிவைப்பவர்கள் தப்பிக்கிறார்கள்.

கடைசிப் பூச்சு

பொம்மை ஆட்டத்தில் பலமுறை கைபடும். வியர்வையும் எண்ணெயும் வண்ணத்தைத் தேய்த்துவிடும். பளபளப்பில்லாத வார்னிஷைத் தூரிகையால் ஒருமுறை பூசிவிட வேண்டும். தெளிப்பானில் அடிப்பதாக இருந்தால் பிரைமருக்குச் சொன்ன பிற்பகல் கணக்கு இதற்கும் பொருந்தும். வெண்மை பூத்துப்போனால் இம்முறை இழப்பது முழு வேலையையும். நீர்ப்பரப்புக்கும் கண்ணுக்கும் மட்டும் பிறகு பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி வைக்கலாம்.

வேலைக்குப் பிரகாசமான வெள்ளை விளக்கு வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடியும் தேவைப்படும். கண் வலித்தால் நிறுத்திவிட வேண்டும். ஒரு பொம்மையை ஒரே இரவில் முடித்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சன்னலோரம் நேர்வெயிலில் வைத்தால் சில நிறங்கள் மங்கும். மூடிய அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டுவைத்தால் பீடத்துச் சருகில் பூஞ்சை வராது.

பீடத்தின் விளிம்பைக் கறுப்பிலோ அடர்பழுப்பிலோ சுத்தமாகச் சுற்றித் தீட்டியதும் வேலை முடிந்தது. தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் பெயரையும் தேதியையும் எழுதி, 5 மில்லிமீட்டர் காந்தம் ஒன்றை ஒட்டிவிடலாம். காலியான பிஸ்கட் டின்னை எடுத்து, அது காந்தத்தை இழுக்கும் தகரம்தானா என்று பார்த்துக்கொண்டு, அதன் அடியில் வீரர்களை வரிசையாக நிறுத்தினால் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பிடோக் எம்ஆர்டியில் கூட்ட நேரத்தில் ஏறினாலும் ஒருவர்கூடச் சாயமாட்டார்.